பீரோவில் இருக்கும் சாரிசார்ட்

அன்பு மகனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சளி தேவலை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். போக்கிமான் ஆட்டத்தின் பழைய சாரிசார்ட் அட்டையை மறுபடியும் அச்சடிக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு ஓடுகிறது, விலை விழுவதற்குள் பீரோவில் இருப்பதை விற்றுவிடலாமா என்றாய். போனஸ் பணத்தில் புது செட்டைப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கலாம் என்றும் சொன்னாய். விற்காதே, வாங்காதே, அவ்வளவுதான் என் பதில். ஆனால் காரணத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். உட்கார்ந்து படி.

அம்மாவுக்கு இதில் என்ன தெரியும் என்று நினைக்காதே. உன் பெட்டி என் பொறுப்பில் வந்ததிலிருந்து ராத்திரி சீரியலை விட்டுவிட்டு இதைத்தான் தேடிப் படிக்கிறேன். விளக்குத்தூண் பக்கம் சுங்குடிக் கடையில் காலம் தள்ளியவளுக்குச் சரக்கு எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கொஞ்சமாவது தெரியாதா?

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார். ஒரு அட்டையை மனிதர்கள் எதற்காக வாங்குகிறார்கள்? ஆடுவதற்கா, வைத்துக்கொள்வதற்கா? ஆடுவதற்கு வாங்குகிற அட்டையென்றால் எந்த வருஷத்து அச்சானாலும் மேஜையில் அதன் வேலை ஒன்றுதான். புது அச்சு மலிவாகக் கிடைத்தால் பழையதை யார் அதிக விலைக்கு வாங்குவார்கள்? வைத்துக்கொள்ள வாங்குகிறவன் அப்படி இல்லை. அவனுக்கு அந்த வருஷம், அந்த அச்சு, அந்த முத்திரைதான் வேண்டும். சுங்குடியில் நான் பார்த்ததும் இதுதான். அச்சுச் சுங்குடி கடை கடையாக வந்து குவிந்தபோது, புள்ளி போட்ட சேலை ஒன்று இருந்தால் போதும் என்று வந்தவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். கையால் முடிச்சுப் போட்டதுதான் வேண்டும் என்று வந்தவர்கள் சேலையைத் திருப்பி முடிச்சின் தடத்தை விரலால் தடவிப் பார்த்து, கேட்ட விலையைக் கொடுத்துத்தான் போனார்கள்.

மேஜிக் என்ற இன்னொரு அட்டை ஆட்டத்தின் ஆட்டக்காரர்களுக்கு இது 1995-லேயே புரிந்துவிட்டது. 1993-ல் அந்த ஆட்டம் வந்தபோது கம்பெனி கொஞ்சமாகத்தான் அச்சடித்தது, விலை எகிறியது. புதிதாக ஆட வந்தவர்களுக்குப் பழைய அட்டை கிடைக்கவில்லை என்று 1995-ல் க்ரானிகில்ஸ் என்று ஒரு செட் போட்டு, பழைய அட்டைகளை வெள்ளைக் கரையோடு ஏராளமாக அச்சடித்தார்கள். சேர்த்து வைத்திருந்தவர்கள் கையில் இருந்த அதே அட்டைகள் மளமளவென்று விலை இறங்கின. கடைக்காரர்களும் சேகரிப்பவர்களும் போட்ட சத்தத்தில், இன்னின்ன அட்டைகளை இனி அச்சடிக்கவே மாட்டோம் என்று 1996-ல் கம்பெனி ஒரு பட்டியலே வெளியிட்டது. ரிசர்வ்டு லிஸ்ட் என்பார்கள். விலை உயர்ந்த பிளாக் லோட்டஸ் அட்டை அதில்தான் இருக்கிறது. அதன் விலைக்குப் பாதிக் காரணம் அந்த வாக்குறுதிதான் என்பது என் எண்ணம். நாளை கம்பெனி மனசு மாறினால் என்ன ஆகும் என்று அதை வைத்திருப்பவர்கள் தூக்கத்தில்கூட யோசிப்பார்கள் போல.

ஆனால் மறு அச்சு வந்தாலே விலை விழும் என்றும் சொல்ல முடியாது. மேஜிக்கின் டார்மோகாய்ஃப் அட்டை கதை உனக்குத் தெரிந்திருக்கும், என்னைவிட நீதான் அதிகம் ஆடியிருக்கிறாய். 2013-ல் மாடர்ன் மாஸ்டர்ஸ் செட்டில் அதை மறுபடி போட்டபோது விழும் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். ஏறியது! அந்த செட்டைக் கம்பெனி அளவாகத்தான் அச்சடித்தது. செட் வந்த வேகத்தில் ஆட வந்த புது ஆட்களின் எண்ணிக்கையோ, புதிதாக வந்த அட்டைகளைவிட அதிகம். ஆட நான்கு வேண்டும் என்று, ஒன்று கிடைத்தவன் மீதி மூன்றையும் தேடி அலைந்தான். அப்புறம் அடுத்தடுத்த செட்டுகளிலும் அதை அச்சடித்தார்கள், அதைவிட உபயோகமான புது அட்டைகளும் வந்தன, விலை கரைந்து போனது. ஆக, மறு அச்சு வருகிறது என்ற செய்தியை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வராதே. எவ்வளவு அச்சடிக்கிறார்கள், புதிதாக எத்தனை பேரை இழுத்து வரப் போகிறார்கள் என்று கேள்.

சரி, உன் சாரிசார்டுக்கு வருவோம். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பொட்டலங்களில் வந்ததுதானே அது? கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். படத்துக்குக் கீழே இடது பக்கம் முதல் பதிப்பு முத்திரை இல்லை. படச் சட்டத்தின் வலது ஓரத்தில் நிழல் இருக்கிறது. அடியில் பொடி எழுத்தில் 1995, 96, 98 என்று மட்டும் இருக்கிறது, முந்தைய அச்சுகளில் அதன் கூடவே வருகிற 99 இல்லை. எனவே இது அன்லிமிடெட். முதல் பதிப்பும் நிழல் இல்லாத அச்சும் வந்து முடிந்த பிறகு அதிகமாக அச்சடித்த சரக்கு. பெரிய லாட்டரி எல்லாம் இல்லை, ஆனால் 1999-ன் அட்டை. அந்த வருஷத்தை யாராலும் இனி அச்சடிக்க முடியாது.

அதன் மறு அச்சுகள் முன்பே வந்துபோயிருக்கின்றன. 2016-ல் எவல்யூஷன்ஸ் செட் போக்கிமானின் அந்த முதல் செட்டைத் தழுவித்தான் வந்தது. 2021-ல் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு செலிப்ரேஷன்ஸ் போட்டபோது பழைய சாரிசார்டையே 25 என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அதனால் 1999 அட்டைகள் மதிப்பிழந்து போகவில்லை. சின்ன வயதில் ஆடிவிட்டு மறந்துபோனவர்கள் புதுசைப் பார்த்து ஞாபகம் வந்து பழசைத் தேடினார்கள். 2020, 2021-ல் ஏறியது கொஞ்ச நஞ்சமா? அமெரிக்காவில் கடைகளில் அடிதடி வந்து, டார்கெட் கடைகள் அட்டை விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தன. தரம் பார்த்துக் கொடுக்கிற பி.எஸ்.ஏ. கம்பெனி வந்து குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் புதிதாக வாங்குவதை நிறுத்தியது. அந்த வெறி அடங்கிய பிறகு விலை இறங்கியதும் உண்மை. அது புது செட்டால் வந்த இறக்கம் இல்லை, கூட்டம் கலைந்ததால் வந்தது.

உன் அட்டைக்கு உண்மையான பகை மறு அச்சு இல்லை, நீதான். வாசல் திண்ணையில் வைத்து விளையாடி மூலையெல்லாம் வெளுத்திருக்கிறது. பத்துக்குப் பத்து தரம் கிடைக்காது, ஆறு கிடைத்தால் சந்தோஷப்படு.

இப்போது அந்தப் புதுப் பெட்டிகள். போக்கிமான் கம்பெனி 2023-24 என்ற ஒரே நிதியாண்டில் 1190 கோடி அட்டைகள் அச்சடித்திருக்கிறது. கோடி, தம்பி. புது செட் வந்த முதல் வாரம் கொஞ்சம் பெட்டிதான் பிரிந்திருக்கும், எல்லோருக்கும் அவசரம், விலை உச்சத்தில் நிற்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கடைகள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் பிரிக்க, ஓரிரு அட்டைகளைத் தவிர மீதியெல்லாம் சறுக்கும். 2025 ஜனவரியில் ப்ரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் என்ற செட் வந்தபோது பார்த்தாய் அல்லவா? கிடைக்கவில்லை என்றதும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுத்தார்கள். கம்பெனி என்ன சொன்னது? இன்னும் அச்சடிக்கிறோம் என்றது. அச்சு இயந்திரம் அவர்கள் கையில் ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டுப்பாட்டை நம்பிப் பணம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அமெரிக்காவில் 1980-களின் கடைசியில் பேஸ்பால் அட்டைகளை இப்படித்தான் பெட்டியாக வாங்கிப் பரணில் போட்டார்கள், பிள்ளைகளின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று. கம்பெனிகளும் கணக்கில்லாமல் அச்சடித்தன. அதில் நிறைய இன்றைக்கும் பிரிக்காமல் கிடக்கின்றன, கேட்பாரில்லை. ஆனால் 1952-ல் டாப்ஸ் கம்பெனி போட்ட, மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அந்த செட் அந்தக் காலத்தில் விற்காமல் தேங்கி, இடத்தை அடைக்கிறது என்று 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினார்களாம். கம்பெனிக்காரரே சொன்ன கதை. பத்திரமாக வைக்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றாததால் அதற்கு அந்த விலை. நீயும் உன் நண்பர்களும் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரப்படுத்துகிற புது செட்டுக்கு அந்த யோகம் எங்கிருந்து வரும்?

பிரிக்கிற ஆசைக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொள், நான் தடுக்கவில்லை. ஆடுவதற்குத் தனி அட்டை வேண்டுமென்றால் செட் வந்து ஒரு மாதம் கழித்து வாங்கு. ஆட்டத்துக்கென்று நீ வைத்திருக்கும் புது அட்டைகளில் மூலையில் ஓர் எழுத்து இருக்கிறதே, அந்த எழுத்துக்குத் தடை வரும் தேதியைப் பார்த்து அதற்கு முன்னாலேயே தள்ளிவிடு. போட்டிகளில் ஆட முடியாது என்று ஆன பிறகு பெரும்பாலானவற்றை வாங்க ஆள் இருக்காது. போனஸில் மீதியை என்ன செய்வது என்று அப்பாவிடம் பேசு. அவர் மனசில் ஏதோ கணக்கு வைத்திருக்கிறார், என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்.

பளபளப்பு அட்டைகள் லேசாக வளைந்திருக்கின்றன. இங்கே ஐப்பசி மழையில் பீரோவுக்குள் ஈரம் ஏறிவிடுகிறது. பூச்சி உருண்டைகளை அந்தத் தட்டிலிருந்து எடுத்துவிட்டேன். சித்தப்பா மகன் அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து மதுரைக்கு நேராக வருகிறானாம். அவனிடம் கெட்டியான பிளாஸ்டிக் உறைகளும், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களும் கொடுத்துவிடு. எந்த அளவு உறை என்று அட்டையை அளந்து போட்டோ அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா