ஹெபடைட்டிஸ் பி மாத்திரையும் எங்கள் தெருவுக்கு வரட்டும்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். மாநகராட்சிப் பள்ளியில் 34 ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். தங்கள் முன் வைக்க விரும்பும் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தொற்று உள்ளவர்கள் நாள் தவறாமல் விழுங்க வேண்டிய வைரஸ் எதிர்ப்பு மாத்திரை, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் மாத்திரைகளைப் போலவே, வீட்டுக்கு அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும்.

என் தம்பி காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை செய்கிறான். இரவு ஒரு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் கை ஓயும். சில ஆண்டுகளுக்கு முன் ரத்த தான முகாமில் ரத்தம் கொடுத்தபோதுதான் அவனுக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. கண்ணில் மஞ்சள் இல்லை, பசிக்குக் குறைவில்லை, வலியும் இல்லை. வீட்டில் எல்லோரையும் பரிசோதித்ததில் அம்மாவுக்கும் தொற்று இருந்தது; எனக்கு இல்லாததால் மூன்று தவணை தடுப்பூசி போட்டுக்கொண்டேன். பிறக்கும்போது தொற்றிக்கொள்ளும் குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு வைரஸ் உடலிலேயே தங்கிவிடும் என்றும், வளர்ந்தபின் தொற்றுபவர்களில் பெரும்பாலோர் அதைத் தாமாகவே வென்றுவிடுவார்கள் என்றும் மருத்துவர் விளக்கினார். தம்பி பிறந்தது 1978இல். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய தடுப்பூசி அன்று எந்த நாட்டிலும் விற்பனைக்கே வரவில்லை. யாரைக் குறை சொல்வது?

குறை சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்தவற்றை. அவனுக்கு டெனோபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நாளைக்கு ஒன்று, டப்பாவுக்கு 30, விலையும் இல்லை. ஆனால் அந்த டப்பாவை வாங்க மாதத்தில் ஒருநாள், இரவு முழுவதும் ஐஸ் சுமந்த உடம்போடு, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறக்கும்வரை காத்திருந்து, பெரிய மருத்துவமனைக்குப் போய், ஓ.பி. சீட்டு வாங்கி, பெயர் அழைக்கும்வரை நின்று, பிறகு மருந்து கொடுக்கும் இடத்தில் இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும். ஒருமுறை மாத்திரை வரவில்லை, அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரமும் அதே பதில். மூன்றாவது வாரம் அவன் போகவில்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அவனும் நினைத்தான், கேட்காமல் விட்ட நாங்களும் நினைத்தோம். நான்காவது மாதம் கண் மஞ்சளித்தது. வயிறு உப்பி, பெரியவர்கள் மகோதரம் என்பார்களே, அந்த நிலைக்குப் போனான். 19 நாள் உள்நோயாளியாகக் கிடந்து பிழைத்தான். எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. அங்கிருந்த செவிலியர்கள்தான் அவனைக் காப்பாற்றியவர்களும்கூட.

இந்த மாத்திரையை இடையில் விடுவது ஏன் ஆபத்து என்பது தங்கள் துறை மருத்துவர்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் மரபுப்பொருளை ஒரு வளையமாகப் பதுக்கி வைத்துவிடுகிறது. டெனோபோவிர், என்டெகாவிர் ஆகிய மருந்துகள் வைரஸ் தன்னைப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியைத் தடுக்கின்றனவே ஒழிய, பதுங்கிய வளையத்தைத் தொடுவதில்லை. மருந்து நின்றால் வைரஸ் மறுபடி பெருகும். அதைத் தாக்கக் கிளம்பும் உடலின் எதிர்ப்பாற்றல் கல்லீரலையும் சேர்த்தே தாக்கும். ஆகவே பெரும்பாலானவர்களுக்கு இது பல ஆண்டுகள், பலருக்கு ஆயுள் முழுவதும் உண்ண வேண்டிய மருந்து.

ஹெபடைட்டிஸ் சி விஷயம் வேறு. அதற்கான சோபோஸ்புவிர் மருந்து 2013இன் இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். மறு ஆண்டே இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றதால் விலை சரிந்தது. இன்று சி வகையில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மூன்று மாதத்தில் முற்றிலும் குணமாகிறார்கள். மூன்று மாதம் என்றால் எப்படியாவது அலைந்துவிடலாம். முப்பது ஆண்டு அலைய முடியுமா? 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இரண்டுக்கும் இலவச மருந்து தருகிறது. பி வகைக்கு இலவசத்தோடு அருகிலும் கிடைத்தால்தான் அது மருந்து.

இடையில் கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மாத்திரை கிடைக்காத வாரங்களில் தம்பி குடித்தது அதைத்தான். கீழாநெல்லியை இதே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 1988இல் லான்செட் மருத்துவ இதழில் நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க். நான் மேலே சொன்ன தேசியத் திட்டம் தொடங்கிய ஜூலை 28தான் அவர் பிறந்த நாளும். ஆனால் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. எங்கள் மண்ணின் மூலிகை மேல் எனக்கும் பற்று உண்டு. ஆயினும் டெனோபோவிர் இருக்க வேண்டிய இடத்தில் அதை வைக்க மாட்டேன்.

சிகிச்சையைத் தொடங்கலாமா என்று முடிவு செய்வது, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று (வைரல் லோடு) பார்ப்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது எல்லாம் பெரிய மருத்துவமனையிலேயே நடக்கட்டும். அதற்கு வருடத்தில் இரண்டு நாள் கூலியை இழக்க யாரும் தயங்க மாட்டார்கள். இடைப்பட்ட மாதங்களில் மாத்திரையை மட்டும் அருகில் கொடுங்கள். இதைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டியதில்லை. சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டிய மருந்து என்பது உண்மைதான். அதற்கான கிரியாட்டினின் பரிசோதனை சர்க்கரை நோயாளிகளுக்கும் செய்வதே. உலக சுகாதார நிறுவனமும் 2024இல் வெளியிட்ட ஹெபடைட்டிஸ் பி வழிகாட்டுதலில், சிகிச்சை பெறத் தகுதியுள்ளவர்களின் எல்லையை விரிவாக்கியதோடு, பரிசோதனையையும் சிகிச்சையையும் மக்களுக்கு அருகிலுள்ள நிலையங்களுக்குக் கொண்டுசெல்லச் சொல்லியிருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை வருவதை நான் அனுபவித்து வருகிறேன். என் ரத்த அழுத்த மாத்திரை அப்படித்தான் வருகிறது. ஆனால் தம்பியின் மாத்திரையையும் அதே பையில் போட்டு அனுப்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். டெனோபோவிர் எச்.ஐ.வி. சிகிச்சையிலும் பயன்படும் மருந்து. அந்தப் பெயரைப் பக்கத்து வீட்டுப் பெண் கைபேசியில் தேடிப் பார்த்த நாளிலிருந்து, தம்பி மனைவி ஒவ்வொரு புது டப்பாவையும் தண்ணீரில் ஊறவைத்து, லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்கிறாள். எச்.ஐ.வி. உள்ளவர்களை வேலையில் பாகுபடுத்தக்கூடாது என 2017இல் சட்டம் வந்தது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பும் மேஸ்திரிகள் துறைமுகத்தில் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே நிலையத்தில் வாங்குவதா, வீட்டுக்கு வரவழைப்பதா என்பதை நோயாளியே தேர்ந்துகொள்ளட்டும். மாத்திரை பெயர் எழுதாத உறையில் வரட்டும். மாதத்தில் சில நாட்களாவது மாலை நேரத்திலும் கிடைக்கட்டும். இருப்பு தீர்ந்தால் நோயாளியைத் திருப்பி அனுப்பாமல், வேறெந்த நிலையத்தில் இருக்கிறது என்று கேட்டுச் சொல்லும் பொறுப்பு ஒருவருக்கு இருக்கட்டும்.

சென்னை முழுவதற்கும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் மட்டும் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். யார் எந்தத் தேதியில் மாத்திரை வாங்கினார்கள், யார் வரவில்லை என்று பார்த்து, வராதவரைத் தொலைபேசியில் அழைக்க ஓர் ஆள் வேண்டியிருக்கும். சம்பளம் இல்லாமல் நான் வருகிறேன். 34 ஆண்டுகள் வருகைப் பதிவேடு எழுதிய கைதான் இது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை,
கொருக்குப்பேட்டை, சென்னை