வெல்கம் டிரிங்க்

அன்புள்ள முருகேசு,

மகளுக்குக் காமாலைத் தடுப்பூசி அவசியமா என்று கேட்டு நீ எழுதிய கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. என் அக்கா மகன் காமாலையில் விழுந்து, ஆஸ்பத்திரி, வீடு, லேப் என்று அலைந்ததில் பதில் போட முடியவில்லை. 28 வயசு, ஐடி வேலை, பாட்டில் தண்ணீர் தவிர வேறெதையும் தொடாத பையன். நாலு நாள் காய்ச்சல், வாந்தி, அப்புறம் மூத்திரம் கட்டன் சாயா நிறத்தில் போக ஆரம்பித்தது, கண்ணைப் பார்த்தால் மஞ்சள். ஹெபடைடிஸ் ஏ, அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியாகப் போய் ஈரலைத் தாக்குகிற வைரஸ்.

எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தோம். போன வாரம் சாப்பிட்ட பிரியாணியை அவன் குறை சொன்னான், ஆனால் இந்த வைரஸ் உடம்புக்குள் போய் நோயைக் காட்ட 15 முதல் 50 நாள் ஆகும், சராசரி 28. பின்னால் எண்ணிக்கொண்டே போனால் ஒரு கல்யாண மண்டபத்தில் போய் நிற்கிறது. வாசலில் கொடுத்த வெல்கம் டிரிங்க், அதில் மிதந்த ஐஸ். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கல்யாணத்துக்குப் போன இன்னும் மூன்று பேருக்கு இதே கதை. எல்லாரும் முப்பதுக்குள். நானும் அதே கிளாஸைத்தான் குடித்தேன், எனக்கு ஒன்றுமில்லை!

இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். நாம் சிற்றாற்றில் குளித்து அங்கேயே தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். நாலாம் வகுப்பில் கண் மஞ்சளாகி இரண்டு பேர் லீவு போட்டது ஞாபகம் இருக்கிறதா? மற்ற நாற்பது பேருக்கும் அநேகமாக வந்துதான் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆறு வயசுக்குள் வந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறிகுறியே இருக்காது. ஒரு தடவை வந்துவிட்டால் ஆயுசுக்கும் திரும்ப வராது. பெரியவனான பிறகு முதல்முறையாக வந்தால் பத்தில் ஏழு பேருக்கு மேல் மஞ்சள் தட்டிப் படுத்துவிடுகிறார்கள். ஈரல் செயலிழப்பது அபூர்வம்தான், ஆனாலும் வயசு ஏற ஏற அந்த அபாயமும் ஏறுகிறது.

ஆக, நம் பிள்ளைகளுக்குச் சுத்தமான தண்ணீர் கொடுத்தோம், கூடவே அந்த எதிர்ப்புச் சக்தியை வாங்கும் வழியையும் அடைத்துவிட்டோம். தண்ணீர் சுத்தமானது தப்பு என்று சொல்லவில்லை, நீ உடனே ஆரம்பித்துவிடாதே. வீட்டுத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது, ஊர்த் தண்ணீர் முழுசாக ஆகவில்லை. சிக்கல் அந்த இடைவெளியில் இருக்கிறது. புனேயில் தேசிய வைராலஜி நிறுவனத்துக்காரர்கள் 1982 முதல் 1998 வரைக்குமான ரத்தப் பரிசோதனைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதே, வசதியான நகரத்துக் குடும்பங்களில் எதிர்ப்புச் சக்தி உள்ளவர்கள் குறைந்துவிட்டது தெரிந்தது. கேரளாவில் வீட்டுக்கு வீடு கிணறு, பக்கத்திலேயே செப்டிக் டேங்க், நோயைப் பார்க்காத இளசுகள். 2024ல் பெரும்பாவூர் பக்கம் வேங்கூரில் குடிநீர் வழியாக இருநூறு பேருக்கு மேல் பரவியது, சாவும் நடந்தது. இங்கே ஓட்டலில் பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர் தருவார்களே, அதைச் சீக்கிரம் ஆறவைக்கப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலக்குகிற ஆட்களும் உண்டு. அப்புறம் கொதிக்கவைத்து என்ன பிரயோஜனம்.

அக்கா தென்காசியிலிருந்து கீழாநெல்லியை அரைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். டாக்டர் வேண்டாம் என்றார், அவளுக்குக் கோபம். தானாக இறங்குகிற நோய், கடைசியாக எதைக் குடித்தோமோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. அவளிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கில்லை, சும்மா இருந்துவிட்டேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "அவ்வளவு அவசியமான ஊசி என்றால் அரசே இலவசமாகப் போடாதா?" என்று கேட்டிருந்தாய். எல்லாக் குழந்தைக்கும் சின்ன வயசிலேயே சத்தமில்லாமல் வந்துபோகிற நாட்டுக்கு இந்த ஊசி பெரிதாகத் தேவையில்லை. நாம் அந்த நிலையைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம், ஆனால் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு வேறுபாடு. அதனால் தேசியத் திட்டத்தில் இன்னும் சேரவில்லை, குழந்தை மருத்துவர்கள் மட்டும் சிபாரிசு செய்கிறார்கள். அர்ஜென்டினாவில் 2005ல் ஒரு வயசுக் குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே ஒரு டோஸ் போட ஆரம்பித்தார்கள், நோய் மளமளவென்று சரிந்தது, இதனால் குழந்தைகளுக்கு ஈரல் மாற்று சிகிச்சை செய்யவேண்டிய நிலையே இல்லாமல் போனது. இங்கே காசுள்ளவன் மட்டும் போட்டுக்கொள்கிறான், அது எனக்கு உறுத்துகிறது. பாதிப் பேர் போட்டால் வைரஸின் நடமாட்டம் குறையும், போடாத பிள்ளைக்குச் சின்ன வயசில் வராமல் இருபதிலோ முப்பதிலோ வந்து நிற்கும். 2024ல் ஐதராபாத்தில் உள்நாட்டிலேயே ஒன்று தயாரித்து இறக்கியிருக்கிறார்கள், விலை இறங்கி அரசுத் திட்டத்துக்கும் வந்தால் நல்லது.

அதுவரை நீ காத்திருக்க வேண்டாம். உன் மகள் ஜூனில் ஹாஸ்டலுக்குப் போகிறாள், மெஸ் தண்ணீர் எப்படியோ யார் கண்டது. இப்போதே முதல் டோஸ் போட்டுவிடு, ஆறு மாசம் கழித்து இரண்டாவது. வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸில் செய்த ஊசியும் உண்டு, அது ஒரே டோஸ், எது சரி என்று டாக்டரிடம் கேள். உனக்கும் எனக்கும் அநேகமாக வேண்டியிருக்காது, சந்தேகமிருந்தால் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும் ஐஜிஜி பரிசோதனையை ரத்தத்தில் பார்த்துக்கொள். பையனின் ரூம்மேட்கள் இரண்டு பேருக்கும் நான் உடனே போடச் சொல்லிவிட்டேன். மஞ்சள் தெரிவதற்கு முந்தின இரண்டு வாரத்தில்தான் இது அதிகம் பரப்பும், தொற்று பட்ட இரண்டு வாரத்துக்குள் ஊசி போட்டால் தடுக்க வாய்ப்பு இருக்கிறது.

பையனுக்கு ரத்தத்தில் மஞ்சளைக் காட்டும் பிலிருபின் அளவு 14லிருந்து 3க்கு வந்துவிட்டது. நேற்று போன் பண்ணி, "மாமா, மீன் குழம்பு எப்போ சாப்பிடலாம்?" என்று கேட்டான். அக்கா பின்னாலிருந்து கத்துவது கேட்டது.

முதல் டோஸ் போட்ட தேதியை எனக்கு எழுது. இரண்டாவதை நீ மறப்பாய், நான் ஞாபகப்படுத்துகிறேன்.

அன்புடன்,
சங்கரன்
கொச்சி