டிரில் மெஷின்ல சுவிட்ச் போனா மெஷினையே தூக்கிப் போடணுமா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்ங்க.

கோயம்புத்தூர்ல பவர் டூல்ஸ் ரிப்பேர் பட்டறை வச்சிருக்கேன். ஆசாரிங்க, எலக்ட்ரீசியன், ஃபால்ஸ் சீலிங் போடுறவங்க, சிசிடிவி மாட்டுற பசங்க எல்லாம் கார்ட்லெஸ் டிரில்ல கொண்டு வந்து "அண்ணே மோட்டார் போயிடுச்சு"ன்னுதான் சொல்லுவாங்க, கழட்டிப் பாத்தா நெறைய தடவை மோட்டார் நல்லாத்தான் இருக்கும், பேட்டரியும் நல்லாத்தான் இருக்கும், போயிருக்கறது வெரல் வச்சு அமுக்குற டிரிக்கர் சுவிட்ச் மட்டும்தான். அந்த சுவிட்ச தனியா குடுங்கன்னு சர்வீஸ் சென்டர்ல கேட்டா ஸ்பேர் வர்றதில்ல, புது மெஷின் வாங்கிக்கங்கன்றாங்க. தினக்கூலிக்கு வேலை பாக்குறவன் ஒரு சுவிட்சுக்காக எதுக்குங்க முழு மெஷின் காசு குடுக்கணும்? இத உங்க பேப்பர் மூலமா கேக்கணும்னுதான் எழுதுறேன்.

அது என்ன சுவிட்ச், அதுல அப்படி என்ன இருக்குன்னு கொஞ்சம் சொல்லிடுறேன், அப்பதான் என் ஆதங்கம் புரியும். லேசா அமுக்குனா மெதுவா சுத்துது, முழுசா அமுக்குனா வேகமா சுத்துது இல்லீங்களா, அந்த வேலைய பாக்குறது இந்த சுவிட்ச்தான். 18 வோல்ட் பேட்டரின்னா அதை 6, 9ன்னு கொறச்சு அனுப்புதுன்னு நெனச்சுக்கிறாங்க, அப்படி இல்ல. முழு 18 வோல்ட்டத்தான் ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை குடுக்குது, நிறுத்துது, குடுக்குது, நிறுத்துது. லேசா அமுக்குனா குடுக்குற நேரம் கம்மி, நிறுத்துற நேரம் ஜாஸ்தி, அமுக்க அமுக்க குடுக்குற நேரம் கூடிட்டே போகும். இதுக்குப் பேரு பிடபிள்யூஎம். லேசா வெரல் வச்சதும், பிட்ட (ஓட்டை போடுற கம்பிய) கவ்விப் புடிக்கிற சக் சுத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஊசி மாதிரி ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அது இந்த ஆன் ஆஃப் ஓட சத்தம்தான், மெஷின் கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேண்டியதில்ல. கரண்ட்ட தடுக்குற ரெசிஸ்டர் போட்டு கொறச்சா பாதி கரண்ட் சூடாவே வீணாப் போகும், ஸ்க்ரூ கொஞ்சம் டைட் ஆனதும் மோட்டார் நின்னுடும். பிடபிள்யூஎம்ல மெதுவா சுத்தும்போதும் வலு இருக்கு.

சுவிட்ச பிரிச்சா உள்ள ஒரு சின்ன போர்டு, அதுல கருப்பா ஒரு கார்பன் கோடு, டிரிக்கர் நகர நகர அது மேல உரசிட்டுப் போற செம்பு விரல் ரெண்டு. வெரல் எவ்ளோ தூரம் அமுக்கியிருக்குன்னு அந்த கோடுதான் சொல்லுது. அதைப் பாத்து ஒரு ஐசி (சின்ன சிப்பு) மாஸ்ஃபெட்ட, அதாவது கரண்ட்ட வேகமா விட்டு நிறுத்துற எலக்ட்ரானிக் சுவிட்ச, ஆன் ஆஃப் பண்ணுது. மாஸ்ஃபெட் அலுமினிய தகட்டுல ஒட்டியிருக்கும், சில மாடல்ல சுவிட்சுக்கு வெளிய, மோட்டார் ஃபேன் காத்து படுற எடத்துல இருக்கும். பக்கத்துலயே கரண்ட்ட ஒரு பக்கமா மட்டும் விடுற ஒரு டையோடு, மாஸ்ஃபெட் ஆஃப் ஆகுற நேரத்துல மோட்டார் காயில்ல ஓடிட்டிருக்குற கரண்ட் சுத்தி வர்றதுக்கு வழி குடுக்க. முன்னாடி பின்னாடி சுத்த வைக்கிற லீவரும் இதுக்குள்ளதான். வெரல எடுத்ததும் சக் டக்குனு நிக்குதே, அப்ப மோட்டாரோட ரெண்டு வயரையும் இந்த சுவிட்ச்தான் ஷார்ட் பண்ணி பிரேக் புடிக்குது. முழுசா அமுக்குனா தனியா ஒரு காண்டாக்ட் மூடிக்கும், கரண்ட் மாஸ்ஃபெட் பக்கமே போகாம நேரா மோட்டாருக்குப் போகும். கைக்குள்ள அடங்குற ஒரு டப்பால இத்தனையும் வச்சிருக்காங்க, செஞ்சவன் பெரிய கெட்டிக்காரன், அதுல சந்தேகமே இல்ல.

அதனால கம்ப்ளைண்ட் எங்கன்னு டிரிக்கர அமுக்கிப் பாத்தே ஓரளவு சொல்லிடலாம். பாதி அமுக்குற வரைக்கும் செத்த மாதிரி கெடந்து, முழுசா அமுக்குனதும் திடீர்னு முழு ஸ்பீடுல ஓடுச்சுன்னா மோட்டார் நல்லா இருக்கு, மாஸ்ஃபெட்டோ அதை ஓட்டுற சர்க்யூட்டோ போயிருக்கு. லேசா தொட்டாலே முழு ஸ்பீடுல பாயுதுன்னா மாஸ்ஃபெட் ஷார்ட், அதாவது ஆஃப் ஆகாம ஆன்லயே நின்னுடுச்சு. இந்த ரெண்டாவது இருக்கு பாருங்க, அது ரொம்ப ஆபத்து. ஏணி மேல நின்னு ஒத்தக் கைல டிரில் புடிச்சு தலைக்கு மேல ஓட்டை போடுறவன், மெதுவா ஆரம்பிக்கலாம்னு வெரல் வைப்பான், மெஷின் ஒரே பாய்ச்சலா பாயும், பிட் மாட்டிக்கிச்சுன்னா மணிக்கட்ட முறுக்கிடும். அப்படி இருக்குற மெஷின "ஓடுதுல்ல, ஓட்டு"ன்னு சொல்லி திருப்பி அனுப்புறாங்க சில எடத்துல, மனசாட்சியே இல்லையான்னு இருக்கு.

சுவிட்ச் ஏன் போகுதுன்னு கேட்டா, ஒண்ணு தூசி, இன்னொண்ணு ஓட்டுற முறை. சுத்திட்டிருக்குற மோட்டார் தானே ஒரு எதிர் வோல்டேஜ உண்டாக்கும், அதுதான் கரண்ட்ட கட்டுக்குள்ள வைக்குது. லோடு தாங்காம மோட்டார் நின்னுபோச்சுன்னா அந்த எதிர் வோல்டேஜ் சைபர், கரண்ட் எகிறிடும், ஃபேனும் சுத்தாது, மாஸ்ஃபெட் சூடாகி வெந்து போகும். மெஷின் மேல 1, 2ன்னு ஒரு கியர் பட்டன் இருக்குல்ல, பெரும்பாலான ஆளுங்க அதை 2லயே வச்சிருக்காங்க. 1ல வச்சா பொதுவா 400, 450 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்ற கணக்கு) தான், ஆனா இழுவை பல மடங்கு. நீள ஸ்க்ரூ, பெரிய பிட்டு எல்லாம் 1ல போட்டு நல்லா அமுக்கி ஓட்டணும், 2ல போட்டு கால்வாசி அமுக்கி திணற விடக்கூடாது. கியர் மாத்துறது மெஷின் நின்னப்புறம்தான், ஓடும்போது மாத்துனா பல்லு போயிடும். இரும்புல 10 எம்எம் ஓட்டைக்கு 800 ஆர்பிஎம் பக்கம் போதும், 3 எம்எம் பிட்டுக்கு 2500க்கு மேல கூட தாங்கும், ஸ்டெயின்லெஸ்னா அதுல பாதி. ஸ்டெயின்லெஸ்ல ஸ்பீடா ஓட்டி பிட்ட உரச விட்டா பிட் நீலமாகி மழுங்கும், அந்த எடமும் கெட்டியாகிடும், அப்புறம் புது பிட்டு போட்டாலும் எறங்காது. இதெல்லாம் மெஷினோட வர்ற புத்தகத்துல தமிழ்ல ஒரு பக்கம் போட்டா எவ்ளோ மெஷின் பொழைக்கும்! சீன மொழில இருக்கு, இங்கிலீஷ்ல இருக்கு, ஓட்டுறவன் மொழில இல்ல.

அடுத்தது ஸ்டிக்கர் விவகாரம். 48, 88ன்னு பெருசா போட்டு ஆன்லைன்ல விக்கிறாங்க, படிச்ச பசங்களே 88 வோல்ட்னு நம்பி வாங்கிட்டு வர்றாங்க. நான் பிரிச்சுப் பாத்த பேட்டரில எல்லாம் 5 லித்தியம் செல்லுதான். ஒரு செல்லு 3.6 வோல்ட், ஃபுல் சார்ஜ்ல 4.2, அப்ப 5 செல்லுக்கு 18, ஃபுல்லா இருக்கும்போது 21. நெஜமா 88 வேணும்னா 20 செல்லுக்கு மேல வேணும், அந்த டப்பாக்குள்ள அடங்கவே அடங்காது. 18, 20 மேக்ஸ், 21ன்னு மூணு கம்பெனி மூணு விதமா எழுதறதும் இதே 5 செல்லுதான், அதுலயாவது பொய் இல்ல. ஆனா வாங்குறவனுக்கு இது தெரியாது, 88ன்னு போட்டது பலசாலின்னு நெனச்சுக்கிறான். ஏமாந்தவங்க பில்லோட 1915க்கு, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு, போன் பண்ணி புகார் குடுக்கணும்னு கேட்டுக்கறேன்.

பிரஷ்லெஸ் மெஷின் இப்ப நெறைய வருது. மத்த மோட்டார்ல உரசி உரசி கரண்ட் குடுக்குற கார்பன் பிரஷ் இதுல இல்ல, அதனால அது தேய்ற பேச்சும் இல்ல, பேட்டரியும் கூட நேரம் நிக்குது, நல்ல மெஷின்தான், நானே வாங்கச் சொல்றேன். ஆனா அதுல ஸ்பீட் கண்ட்ரோல் மொத்தமும் ஒரு போர்டுல, ஆறு மாஸ்ஃபெட், மோட்டார் எந்த பக்கம் திரும்பியிருக்குன்னு பாக்குற ஹால் சென்சார், எல்லாத்தையும் பசை ஊத்தி மூடிடுறாங்க. தூசி, ஈரம் போகாம இருக்க அது வேணும்தான், ஒத்துக்கறேன். அப்ப போர்ட தனியா விக்கணும் இல்லீங்களா? அதுவும் கெடைக்காதுன்னா நல்ல மோட்டார், நல்ல கியர், நல்ல பேட்டரியோட சேத்து குப்பைக்குத்தான் போகுது.

மத்திய அரசு 2022ல ரிப்பேர் உரிமைன்னு ஒரு கமிட்டி போட்டு, தனி போர்ட்டலும் ஆரம்பிச்சாங்க. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோக சாதனம், வண்டின்னு நாலு பிரிவு எடுத்துக்கிட்டாங்க. தொழிலாளி கைல பொழப்பா இருக்குற பவர் டூல்ஸுக்குன்னு ஒரு பிரிவு வேணும்ங்க. 2023 ஏப்ரல்ல இருந்து நடைமுறைல இருக்குற மின்கழிவு விதில எலக்ட்ரிக் டூல்ஸும் வருது, வித்த கம்பெனி மறுசுழற்சிக்குப் பொறுப்பேத்துக்கணும்னு இருக்கு. ஒடச்சு உருக்குறதுக்குப் பொறுப்பு இருக்குன்னா ரிப்பேர் பண்றதுக்கும் பொறுப்பு இருக்கணும். ஒரு மாடல் விக்கிற வரைக்கும், அதுக்கப்புறம் கொறஞ்சது 5 வருஷம், சுவிட்சும் போர்டும் தனியா கெடைக்கணும், வெலைய வெப்சைட்ல போடணும், அட்டைப்பெட்டி மேல எத்தனை செல்லு, ரெண்டு கியர்லயும் எவ்ளோ ஆர்பிஎம்னு உண்மைய அச்சடிக்கணும், ஸ்டிக்கர்ல வாய்க்கு வந்த நம்பர் போடுறத நிறுத்தணும். இவ்வளவுதான் நான் கேக்குறது.

உங்க நிருபர் யாராவது இத எடுத்து கம்பெனிக்காரங்ககிட்ட நேரா கேட்டா ரொம்ப நல்லாருக்கும். சுவிட்ச் இல்லன்னு திருப்பி அனுப்பப்பட்டவங்க எங்க பட்டறைக்கு வர்றவங்கள்லயே நெறைய பேர் இருக்காங்க, சர்வீஸ் சென்டர்ல எழுதிக் குடுத்த சீட்டு சிலர்கிட்ட அப்படியே இருக்கு, கேட்டா காட்டத் தயாரா இருக்காங்க.

இப்படிக்கு,
பவர் டூல்ஸ் மெக்கானிக் ஒருவர்,
கோயம்புத்தூர்