வெயில் ஊரில் குளிர் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயில் ஏறும்போதெல்லாம் தண்ணீர் குடியுங்கள், நிழலில் நில்லுங்கள் என்று உங்கள் நாளிதழில் எழுதுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் இதே வெயில் ஊரில் குளிரில் வேலை செய்கிற எங்களைப் பற்றி யாரும் எழுதிக் காணோம்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் 22 வருஷம் பால்மரம் வெட்டி, பால் எடுத்தவன். தோட்டம் கைமாறியதும் டவுனுக்கு வந்து, கோழியும் மீனும் உறைய வைக்கிற ஓர் ஐஸ் ரூமில் சேர்ந்தேன். உள்ளே மைனஸ் 18 டிகிரி. லோரி நிற்கிற வாசலில் 33. "ஏர்கோன் வேலையா, கொடுத்து வைத்தவர்" என்று மைத்துனர் சிரித்தார். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றோமே, அதைத்தான் நானும் குளிர் என்று நினைத்திருந்தேன்.

போன சீனப் பெருநாளுக்கு முந்தின வாரம், கொட்டுகிற மழையில் பெட்டி இறக்கிய ஒரு பையன் ஈரச் சட்டையோடு அப்படியே உள்ளே போனான். ஆறு பேருக்கு மூன்று ஜாக்கெட். ஒருவன் வேர்வையில் ஊறியதை அடுத்தவன் மாட்டிக்கொள்ள வேண்டும். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெட்டிகளைத் தப்புத் தப்பாக எண்ணுகிறான். பேனா கையில் நிற்கவில்லை, நாக்குக் குழறுகிறது. "காலையிலேயே தண்ணி போட்டுவிட்டு வந்திருக்கிறான்" என்று சூப்பர்வைசர் கத்தினார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் பட்டது.

கிளினிக்கில்தான் தெரிந்தது, அவன் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மூளை மந்தமாகிவிடுமாம். அவனோ கடைசிவரை "எனக்கு ஒன்றுமில்லை அண்ணே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்! விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. நான் தைலம் போட்டுத் தேய்த்தேன், இன்னொருவன் லோரி இஞ்சின் பக்கம் காட்டச் சொன்னான். இரண்டுக்கும் டாக்டரிடம் திட்டு வாங்கினோம். மரத்த விரல் வெந்தாலும் தெரியாது, தேய்த்தால் தோல் உள்ளே கிழியும், வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் போதும் என்றார்.

அப்புறம் நாங்களாகவே சில பழக்கங்களை வைத்துக்கொண்டோம். தனியாக ஒருவரும் உள்ளே போவதில்லை. பேச்சு குழறினால், என்ன சொன்னாலும் கேட்காமல் வெளியே இழுத்து வந்துவிடுவோம். ஈரம் பட்ட பனியனை முதலில் மாற்றுவது. பழைய துணி விற்கிற பண்டல் கடையில் 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு கொரியன் ஜாக்கெட் வாங்கினேன். இடையில் சூடாக ஒரு மைலோ. சாராயம் ஒரு மடக்கு விட்டால் குளிர் தெரியாது என்பார்கள். தெரியாதுதான். தோல் சூடாகிற மாதிரி இருக்கும், உள்சூடு வெளியே ஓடும்.

ஜாக்கெட்டை நான் என் காசில் வாங்கியதே தப்பு என்று பிறகு சொன்னார்கள். மலேசியாவின் 1994 வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி அதை முதலாளிதான் காசு பிடிக்காமல் தர வேண்டும். 2024 ஜூன் 1 முதல் அந்தச் சட்டம் அநேகமாக எல்லா வேலையிடங்களுக்கும் வந்துவிட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் தகவல் சொல்லிவிட்டு விலகி நிற்கவும் உரிமை உண்டு. எங்களிடம் இதை யாரும் தமிழில் சொன்னதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் அரைப் பக்கத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். கிழித்து ஐஸ் ரூம் கதவில் மாட்டிவிடுகிறேன். பசை அந்தக் குளிரில் நிற்காது, கயிற்றில் கட்டித்தான் தொங்கவிட வேண்டும்.

இப்படிக்கு,
பழைய தோட்டக்காரன்,
சுங்கை சிப்புட், பேராக்