துடக்குக் கழிந்து எட்டு மாதம் பிந்தி ஒரு நன்றி நவிலல்

எங்கள் ஊரில் பேப்பரில் 'நன்றி நவிலல்' என்று கண்டால் முதலில் யார் செத்தது என்றுதான் பார்ப்போம். அந்தியேட்டிக் கிரியை முடிந்து, செத்த முப்பத்தோராம் நாள், பந்தல் போட்டவர்களுக்கும் அனுதாபம் சொன்னவர்களுக்கும் ஒரு பெட்டிக்குள் நன்றி சொல்லுவது. பிள்ளை பிறந்த வீட்டுக்கும் முப்பத்தொன்று உண்டு. ஐயரைக் கூப்பிட்டுத் துடக்குக் (பிள்ளை பிறந்த தீட்டு) கழித்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தால் அலுவல் முடிந்தது. அதற்கு யாரும் நன்றி நவில்வதில்லை. மகளுக்குத் தாய்ப்பால் கொடுக்க எனக்குத் துணை நின்றவர்களுக்கு நான் நவிலலாம் என்று இருக்கிறேன்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது மாதம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவள் வாயில் படவில்லை, முதல் வாரத்தில் ஒரு நாளைத் தவிர. அந்த ஒரு நாளையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டார். அதை முதலில் சொல்லுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமம் கிழக்கில் ஒரு முன்பள்ளி ஆசிரியை. கணவர் குத்தகைக் காணியில் வெங்காயம் செய்கிறார். மகள் சத்திரசிகிச்சையில் பிறந்தாள், 2 கிலோ 300 கிராம். ஆஸ்பத்திரியில் பால் கொடுக்கும் விதத்தைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். தையல் நோவில் நான் தலையை ஆட்டினேனே தவிர மண்டையில் எதுவும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்த நான்காம் நாள் இரவு பிள்ளை விடாமல் அழுதாள். காம்பு இரண்டும் வெடித்து, அவள் வாய் வைத்தாலே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "பிள்ளைக்குப் பால் காணாது" என்றார் மாமி. இந்த ஒரு வசனத்துக்கு எங்கள் ஒழுங்கையில் எத்தனை பெண்கள் தோற்றுப் போயிருப்பார்களோ தெரியாது. கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். பால்மா ரின் ஒன்றும் சூப்பிப் போத்தல் ஒன்றும் வந்தன. கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல், "இதுதான் இப்ப நல்லா ஓடுது" என்று பெரிய ரின்னையே எடுத்துக் கொடுத்தாராம். பிள்ளைப் பால்மாவை இப்படித் தூக்கிப் பிடித்து விற்கக்கூடாது என்று 1981இலேயே உலக சுகாதாரப் பேரவை ஒரு விதிக்கோவை கொண்டுவந்தது, எங்கள் நாட்டிலும் அதைத் தழுவிய விதிகள் இருக்கின்றன என்பதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும். அன்று இரவு அந்த மனுசன் எனக்குக் கடவுள் மாதிரித் தெரிந்தார்.

ஐந்தாம் நாள் காலை படலையடியில் ஸ்கூட்டி நின்ற சத்தம். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். ஊருக்கு அவர் 'மிட்வைப் மிஸ்'. பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருவது அவருடைய கடமைதான். கடமைக்கு வருகிறவர் கதிரையில் இருந்து கொப்பியை நிரப்பிவிட்டும் போகலாம். இவர் செருப்பைக் கழற்றி, கிணற்றடியில் கை கழுவிவிட்டு உள்ளே வந்தார். மேசையில் ரின் இருந்தது. கண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளை பால் குடிக்கிறதை ஒருக்காப் பாப்பம்" என்றார். நான் குனிந்து, மார்பைப் பிள்ளையின் வாய்க்குள் திணித்தேன்.

"இல்லைப் பிள்ளை, நீங்கள் பிள்ளையிட்டப் போகாதேங்கோ. பிள்ளையை உங்களிட்டக் கொண்டு வாங்கோ."

நிலத்தில் பாயைப் போட்டு, என் முதுகைச் சுவரில் சாய வைத்து, தானும் பக்கத்தில் இருந்தார். பிள்ளையின் வயிறு என் வயிற்றோடு ஒட்ட வேண்டும். மூக்கு காம்புக்கு நேரே நிற்க வேண்டும். காம்பால் உதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொட்டாவி விடுவதுபோல் வாய் பெரிதாகத் திறக்கும்போதுதான் பிள்ளையைச் சட்டென்று அணைக்க வேண்டும். நான்கு தரம் பிழைத்தது. ஒவ்வொரு தரமும் சின்ன விரலைப் பிள்ளையின் கடைவாயில் விட்டு மெதுவாக விடுவித்து, "பறவாயில்லை, திரும்ப" என்றார். ஐந்தாம் தரம் அவளுடைய நாடி என் மார்பில் பதிந்தது, கீழுதடு வெளியே மடிந்தது, நோகவில்லை. கொஞ்ச நேரத்தில் பிள்ளை விழுங்கும் சத்தம் கேட்டது. குசினி வாசலில் நின்ற மாமிக்கும் கேட்டது.

"பால் காணாமல் இல்லை அம்மா," என்றார் மிஸ், என்னைப் பார்த்தல்ல, மாமியைப் பார்த்து. "பிள்ளை காம்பை மட்டும் பிடிச்சிருக்கு. அதாலதான் வெடிச்சது, அதாலதான் பிள்ளைக்கும் வரேல்லை. போத்தல்ல ஒரு நேரம் குடுத்தால் ஒரு நேரத்துப் பால் இவவிட்டக் குறையும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும்."

தராசில் பிள்ளை 2 கிலோ 150. எனக்கு நெஞ்சு பக்கென்றது. முதல் நாட்களில் கொஞ்சம் இறங்குவது வழமை, இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்கு வந்துவிடும், தராசைப் பார்க்காமல் நனைந்த துணிகளை எண்ணுங்கள், ஒரு நாளில் ஆறு தரமாவது சலம் போனால் பால் காணும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கணவர் கொடியில் காயும் துணிகளை எண்ணத் தொடங்கினார். வெங்காயப் பிடி எண்ணுகிற மனுசன், இரவு ஒரு மணிக்கு ரோர்ச் லைற்றோடு முற்றத்தில் நின்று "ஏழு!" என்று கத்தியது பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும். அவருக்கு வேறாக நன்றி சொன்னால் கூச்சப்படுவார். துணி தோய்த்ததும் அவர்தான் என்பதை மட்டும் இதில் போட்டுவிடுகிறேன்.

2016இல் நாடு முழுக்க எடுத்த குடிசன சுகாதார அளவீட்டில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். பெரிய எண். மிச்சப் பதினெட்டுக்குள் நான் நான்காம் நாளே விழப் பார்த்தேன்.

எதிர்வீட்டு அக்காவைப் பற்றி எழுதத் தொடங்கினால் நீளும். இரட்டைப் பிள்ளைகளை வளர்த்தவர், எங்கள் சனசமூக நிலையத்தில் கூடுகிற தாய்மார் ஆதரவுக் குழுவில் ஒருவர். ஆறாம் நாள் எனக்கு மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் வருமாப்போல் இருந்தது. இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டோம். பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். சுடுதண்ணியில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்து, பெருவிரலையும் மற்ற விரல்களையும் எங்கே வைக்க வேண்டும், முதலில் நெஞ்சுப் பக்கம் அமத்திப் பிறகு எப்படிக் கசக்க வேண்டும் என்று காட்டித் தந்தார். மார்பு இளகிய பிறகுதான் பிள்ளையால் வாய் வைக்க முடிந்தது. பீய்ச்சிய பாலையும் எறிய விடாமல் சின்னக் கிண்ணத்தால் பிள்ளையின் உதட்டில் சாய்த்துப் பருக்கினார். அந்தத் தலையணையைப் பிள்ளைக்குக் கீழே வைத்த பிறகு தையல் இழுபடுவதும் நின்றது. இரண்டு இரவு எங்கள் விறாந்தையிலேயே படுத்தார். அறிவுரை என்று ஒரு வசனம் சொன்னதாக ஞாபகம் இல்லை. விடியப் போகும்போது எங்கள் வாசலையும் கூட்டிவிட்டுத்தான் போனார்.

அந்தக் குழுக் கூட்டங்களுக்கு நான் பிறகு போகத் தொடங்கினேன். ஒரு நாள் தண்ணீரைப் பற்றிக் கதை வந்தது. எங்கள் பக்கம் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற உரம் அந்தக் கல்லூடாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும். தோட்டக் கிணறுகளில் உரத்திலிருந்து வருகிற நைத்திரேற்று கூடிக் கிடப்பது பல வருசத்துக் கதை. பெரியாட்களின் உடம்பில் அது தெரிய வராது. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணியில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் காவுகிற வலு குறைந்து உடம்பு நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் தடிக்கும். இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கை குளிர்ந்தது. நான்காம் நாள் இரவு நாங்கள் கொதிக்க வைத்தது தோட்டக் கிணற்றுத் தண்ணி. வெய்யில் காலத்தில் பிள்ளைக்கு விக்கும், ஒரு கரண்டி தண்ணி கொடு என்று சொல்லுகிற ஆச்சிமாருக்கும் அன்று மறுமொழி கிடைத்தது. தாய்ப்பாலில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான்.

இந்தக் கூட்டம் நடக்க இடம் தந்தவர்கள் நிலையத்துப் பெடியள். புதன்கிழமைகளில் கரம்போட் விளையாடும் அறையை விட்டுத் தந்து, அந்தப் போட்டை வெளியே வேப்பமரத்தின் கீழே கொண்டுபோனார்கள். முதலில் முகம் சுளித்தவர்கள்தான், அதையும் சொல்ல வேண்டும். பிறகு பிள்ளைகளுக்கு ஏணைத் தொட்டில் கட்ட வளையில் கயிறு போட்டுத் தந்ததும் அவர்களே. வெங்காயம் கிண்ட வருகிற பெண்களும் இடையில் கை கால் கழுவிவிட்டு வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த நேரத்துக்குக் கூலி வெட்டாத தோட்டக்காரர் இரண்டு பேருக்கும் நன்றி. வெட்டுகிறவர் யார் என்று ஊருக்குத் தெரியும்.

கனடாவில் இருக்கும் சித்தி வீடியோ கோலில் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "நல்ல பால்மா ரின் நாலு அனுப்பவோ?" என்று கேட்டார். அன்புதான். அந்தக் காசுக்குக் கரம் அறைக்கு ஒரு காத்தாடியும் கை வைத்த கதிரை மூன்றும் வாங்கித் தரச் சொன்னேன். கொஞ்சம் மனம் நொந்தாலும் அனுப்பினார். கதிரைகளின் பின்னால் அவருடைய பேரை எழுதுவோமா என்று நிலையத் தலைவர் கேட்டதற்கு, "பிளாஸ்ரிக் கதிரைக்கு ஏனடா பேர்" என்று சிரித்தார்.

என் அம்மா இதில் எதற்கும் ஆச்சரியப்படவில்லை. நான் பிறந்தது 1995 ஆவணியில். ஒக்ரோபர் 30ஆம் திகதி சண்டையால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு இரண்டு மாதம்கூட முடியவில்லை. நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம், மழை வேறு. "உன்னை எதுக்குள்ள போட்டு என்னத்தைக் கரைச்சுக் குடுக்கிறது? நெஞ்சில இருந்ததுதான்," என்பார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு மனிசி சேலைத் தலைப்பை விரித்து மறைத்துப் பிடித்தாராம், கை உழைய உழைய. சாவகச்சேரிப் பக்கம் எங்கோ பிரிந்தவர், பேரும் கேட்கவில்லை. இந்த மடல் அவருடைய கண்ணில் படுமென்றால் அவருக்கும் என் நன்றி சேரட்டும்.

இனி மாமி. ரின் வாங்கச் சொன்னவர் என்று எழுதிவிட்டேன். அடுத்த நாளிலிருந்து விடியப்புறம் எழும்பிப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்கு அரைத்ததும், முருங்கையிலை வறையும் திரிபோஷாச் சத்துமாவில் பனங்கட்டி போட்டு உருண்டையும் பிடித்ததும் அவர்தான். பாற்சுறா கிடைத்தால் எங்களுக்கென்று பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு வந்த மீன்கார அண்ணைக்கும் நன்றி. சுறா வறை தின்றால் பால் ஊறுமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். "பிள்ளை குடிச்சால் ஊறும். சுறாவை நீங்கள் உங்களுக்காகச் சாப்பிடுங்கோ" என்றார். மாமிக்கு இதை இன்னும் சொல்லவில்லை, இதில் வாசிப்பார். மிஞ்சின பால்மாவில் மாமா இரண்டு கிழமை தேத்தண்ணி குடித்தார். ரின்னில் இப்போது சரக்குத்தூள் இருக்கிறது.

முன்பள்ளிக்கு நான் திரும்பியபோது மகளுக்கு நான்கு மாதம். பத்து மணி இடைவேளைக்கு மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார். சக ஆசிரியை இரண்டு வகுப்பையும் சேர்த்து வைத்துப் பாட்டுப் படிப்பிப்பார், இருபது நிமிடம், சில நாள் அரை மணித்தியாலம். ஒரு நாளும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பெற்றோரில் ஒருவர் முறைப்பாடு சொன்னார், மற்றவர்கள் அவரைச் சமாளித்துவிட்டார்கள்.

பேர் போடாமல் எழுதியதற்குக் கோவிக்காதேங்கோ. யாரைச் சொல்லுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். விட்டுப்போனவர்களுக்கு நேரில் சொல்லுவேன்.

எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு விசயம்: தலையணை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. உறையை மாற்றி, இரண்டு நாள் வெய்யிலில் போட்டு வைத்திருக்கிறேன். கிணற்றடி வளவுத் தங்கச்சிக்கு மார்கழி என்று சொன்னார்கள். உங்களிடம் தந்து நீங்கள் கொண்டுபோவதைவிட, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கே இரண்டு இரவு படுக்கட்டுமா?