என் பந்து கிடக்கும் இடத்துக்கு வந்து பாருங்கள்: கோல்ஃப் மைதானத் தரவரிசைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கோல்ஃப் மைதானங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் நடுவர்களே, வணக்கம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த மடலைப் படிக்கும்போது உங்களில் சிலருக்கு அந்தப் பழமொழிதான் நினைவுக்கு வரும் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன். என் ஹேண்டிகேப், அதாவது தேர்ந்த ஆட்டக்காரரைவிட ஒரு சுற்றில் எனக்குக் கூடுதலாகத் தேவைப்படும் அடிகளின் கணக்கு, 22. நன்றாகப் பட்டால் என் டிரைவ், அதாவது குழியின் முதல் நீண்ட அடி, 180 கஜம் போகும். சரியாகப் படாதது எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் கூடத்தில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்கள்தானே? கோணல் இருந்தால் முதலில் எங்கள் காலில்தான் இடறும்.

உங்கள் பட்டியல்களை வருடம் தவறாமல் படிக்கிறவன் நான். அப்படி ஒரு பட்டியலை நம்பித்தான் போன வருடம் ஒரு மைதானத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஆறாவது குழியில், முதல் அடி அடிக்கும் டீக்கும் புல் வெட்டிய பாதையான ஃபேர்வேக்கும் நடுவே ஒரு குளம். முன்னால் இருக்கும் டீயிலிருந்தே 160 கஜம் தாண்டி அடித்தாக வேண்டும். சுற்றிப் போக வழி கிடையாது. மூன்று பந்துகளைக் குளத்துக்குக் காணிக்கை வைத்துவிட்டு நான்காவதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். என்னோடு ஆடிய நண்பர் ஸ்கிராட்ச் ஆட்டக்காரர், அதாவது ஹேண்டிகேப் பூஜ்யம். "அருமையான குழி" என்றார். பின்னால் யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவர் அந்தக் குளத்தைப் பார்க்கவே இல்லை. 250 கஜம் அடிக்கிறவருக்கு அது குளமே இல்லை, படம் எடுத்துக்கொள்ள ஒரு காட்சி. எனக்கு அது மதில்.

என் குறை இதுதான். அந்தக் குளம் திறமைசாலியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திறமை குறைந்தவனிடம் மட்டும் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டது. ஆனாலும் அந்த மைதானத்துக்கு வடிவமைப்பில் நல்ல மதிப்பெண் விழுந்திருக்கிறது.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்டு கோர்ஸ் மைதானத்தை நினைத்துப் பாருங்கள். 112 பங்கர்கள், அதாவது மணல் பள்ளங்கள். கேட்டாலே பயமாக இருக்கும். ஆனால் போகும் குழிகளும் திரும்பும் குழிகளும் ஃபேர்வேயைப் பங்கிட்டுக்கொள்வதால் அகலத்துக்குப் பஞ்சமில்லை. குழி வெட்டியிருக்கும் வழுவழுப்பான புல்தரைதான் கிரீன்; அங்கே ஏழு கிரீன்கள் இரண்டிரண்டு குழிகளுக்குப் பொது. பல குழிகளில் இடப்பக்கம் தாராளமாக இடம் கிடக்கிறது. அங்கே அடித்தால் பந்து தொலையாது. ஆனால் அங்கிருந்து கிரீனைப் பார்த்தால் ஒரு பங்கரோ மேடோ குறுக்கே நிற்கும். குறைந்த ஸ்கோருக்கு ஆசைப்படுகிறவர் வலப்பக்க ஆபத்தை ஒட்டி அடிக்க வேண்டும். என்னைப் போன்றவன் இடப்பக்கமாகச் சுற்றிப் போய், ஒரு அடி கூடுதலாகச் செலவழித்து, அதே பந்தோடு வீடு வந்து சேரலாம். ஒரே நிலம் இரண்டு பேருக்கும் அவரவர் கணக்கில் கேள்வி வைக்கிறது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் மைதானத்தில் 15-ஆவது குழியான ரெடான். கிரைமியப் போரில் பேர்போன ஒரு கோட்டை அரணின் பெயர். அமெரிக்க வடிவமைப்பாளர் சார்லஸ் பிளேர் மெக்டொனால்டு அதைத் தன் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் மைதானத்தில் நான்காவது குழியாகத் திரும்பக் கட்டினார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க அதற்குப் பிள்ளை குட்டிகள். கிரீன் வலது முன்புறத்திலிருந்து இடது பின்புறமாகச் சரியும். இடது முன்புறத்தை ஆழமான பங்கர் காவல் காக்கும். வல்லவர் உயரத் தூக்கி அடித்து நிறுத்தப் பார்ப்பார். நான் வலப்பக்கம் கிரீனுக்கு முன்பாகவே பந்தைப் போட்டுவிட்டு, சரிவு அதை உருட்டிக்கொண்டு போவதை வாயைப் பிளந்து பார்ப்பேன். பெயர்தான் கோட்டை, உருட்டியே பிடித்துவிடலாம்.

ஆனால் அதற்குத் தரை இறுகியிருக்க வேண்டும். தண்ணீரைப் பாய்ச்சிப் பாய்ச்சிப் புல்லைப் பஞ்சு மெத்தையாக்கி வைத்தால் பந்து விழுந்த இடத்திலேயே குந்திக்கொள்ளும். ரெடான் செத்தது. உருட்டும் வழி அடைபட்டது, தூக்கி அடிக்கும் வழி மட்டும் மிச்சம். அந்த மெத்தைப் பச்சையைப் பார்த்துத்தான் பராமரிப்புக்கு நீங்கள் எட்டும் ஒன்பதும் போடுகிறீர்கள். வடிவமைப்புக்கு ஒரு மதிப்பெண், பராமரிப்புக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால், ஒன்று மற்றொன்றைக் கொன்றது கூட்டுத்தொகையில் எங்கே தெரியும்? அதைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் பல இலக்கம் வரை கணக்கிட்டு 37-ஆம் இடத்தையும் 38-ஆம் இடத்தையும் பிரிக்கிறீர்களே, அந்தத் துணிச்சலை மட்டும் பாராட்டுகிறேன்.

பச்சை மோகத்துக்கு அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தைக் குறை சொல்வது வழக்கம். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். 1933-இல் திறந்தபோது ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸும் வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சியும் அங்கே வைத்த பங்கர்கள் வெறும் 22. அகலமான ஃபேர்வே, ஓரத்தில் உயரமாக வளரவிடும் புல்லான ரஃப் என்று சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண ஆட்டக்காரரும் ரசிக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். ஊரெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்துக் காப்பியடித்தது அந்த அகலத்தை அல்ல, நிறத்தை. அதுவும் கோடை முழுக்க மூடிக் கிடக்கும் மைதானம், குளிர்காலப் புல்லை மேலே விதைத்து வசந்தத்துக்காகச் சிங்காரிக்கப்பட்ட மைதானம். வருடம் முழுக்கத் திறந்திருக்கும் மைதானத்தை அதோடு ஒப்பிடுவது, மணப்பெண்ணோடு அடுக்களையில் நிற்பவளை ஒப்பிடுவது மாதிரி.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. டொனால்டு ராஸ் அமைத்த பைன்ஹர்ஸ்ட் 2-ஆம் எண் மைதானத்தை பில் கூரும் பென் கிரென்ஷாவும் 2010-11-இல் பழைய நிலைக்கு மீட்டார்கள். ரஃபை உரித்து எடுத்து மணலையும் காட்டுப் புல்லையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். நீர்த்தெளிப்பான்களைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். 2014-இல் ஆண்கள், பெண்கள் இரு யு.எஸ். ஓபன்களும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கே நடந்தன. பழுப்பைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் ஓரத்தில் விழுந்த பந்து எப்படிக் கிடக்கும் என்பது அங்கே விதி விட்ட வழி. அதைக் கண்டுபிடித்து மறுபடி அடிக்கவும் முடியும். எங்களுக்கு அது போதும்.

கிரீன் வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சரிவுக் கட்டையிலிருந்து விட்ட பந்து கிரீனில் எத்தனை அடி உருளும் என்று அளக்கும் கருவி ஸ்டிம்ப்மீட்டர். 1970-களின் கடைசியில் அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. அதைக் கிளப்புகளுக்குக் கொடுத்தபோது, அன்றாட ஆட்டத்துக்கு எட்டரை அடி என்பதே வேகமான கிரீன். இன்று பத்துக்குக் கீழே போனால் உறுப்பினர்கள் கோபிக்கிறார்கள். மெதுவான புல்லுக்காக மேடும் பள்ளமுமாக வடித்த பழைய கிரீனில் பன்னிரண்டு அடி வேகம் வைத்தால் பந்து சரிவில் நிற்காது. கிளப் என்ன செய்யும்? கிடைக்கிற நாலு தட்டையான மூலைகளிலேயே குழியை மாற்றி மாற்றி வெட்டும், இல்லாவிட்டால் கிரீனையே இடித்துத் தட்டையாக்கும். "வழுவழுவென்று ஓடியது" என்று உங்கள் குறிப்பில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த இடிப்புக்கு ஒரு கையெழுத்து.

கடினம்தான் சிறப்பு என்ற பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1951 யு.எஸ். ஓபனுக்காக வடிவமைப்பாளர் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் ஓக்லாண்ட் ஹில்ஸ் மைதானத்தை இறுக்கினார். போட்டி முழுவதிலும், மைதானத்துக்கு நிர்ணயித்த அடிக்கணக்கான பாருக்குக் கீழே அடித்த சுற்றுகள் இரண்டே இரண்டு. ஜெயித்த பென் ஹோகனே அதை அரக்கன் என்றார். கோல்ஃப் டைஜஸ்ட் இதழ் 1966-இல் போட்ட முதல் பட்டியலும் சிறந்த மைதானங்களின் பட்டியல் இல்லை, அமெரிக்காவின் மிகக் கடினமான 200 மைதானங்களின் பட்டியல். பெயர் பிறகு மாறியது. ஆனால் கடினத்தை அளக்கும் அளவுகோலில் இன்னமும் கேட்கப்படுவது, பின்னால் இருக்கும் டீயிலிருந்து ஆடும் ஸ்கிராட்ச் ஆட்டக்காரருக்கு எப்படி என்பதுதான்.

எங்களுக்கு எப்படி என்று தெரிந்துகொள்ள ஓர் எண் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஸ்லோப் ரேட்டிங் என்ற அந்த எண் 55 முதல் 155 வரை போகும், 113 நடுநிலை. ஸ்கிராட்ச் ஆட்டக்காரரைவிட போகி ஆட்டக்காரர், அதாவது என்னைப் போன்றவர், எவ்வளவு கூடுதலாக அடிபடுகிறார் என்பதை அது காட்டும். அதை வீரப்பதக்கம் போல ஸ்கோர் அட்டையில் பெருமையாக அச்சடிக்கும் கிளப்புகளைப் பார்த்திருக்கிறேன். குளத்து மைதானமும் அதில் ஒன்று.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆடத்தக்க மைதானமா என்பதை உங்கள் ஆட்டத்தை வைத்து ஊகிக்காதீர்கள். உங்கள் குழுக்களில் சேரவே நல்ல ஹேண்டிகேப் வேண்டும் என்று சில இதழ்கள் எதிர்பார்க்கின்றன. ரசனைக்கும் டிரைவ் தூரத்துக்கும் என்ன சம்பந்தமோ தெரியவில்லை. அழைப்பின் பேரில், புல் வெட்டித் தயாரான நாளில் ஒரு முறை போய்வந்து எழுதுவதோடு நிறுத்தாமல், மழைக்குப் பிறகு ஒரு முறை, வறட்சியில் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

அடுத்த முறை நால்வராகக் கிளம்பும்போது ஓர் இடத்தை எங்களில் ஒருவருக்கு ஒதுக்குங்கள். அவர் பந்து கிடக்கும் இடத்துக்கெல்லாம் கூடவே நடந்து போங்கள். 18-ஆவது குழி முடிந்ததும் அவர் பையில் எத்தனை பந்து மிச்சம் என்று எண்ணி, மதிப்பெண் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான் வரத் தயார். பந்துகளை நானே கொண்டுவருகிறேன்; நிறையவே வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஹேண்டிகேப் 22