இயல்பான இதயம் முதலில் பழகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

படுக்கையருகே அல்ட்ராசவுண்ட் பார்க்கக் கற்கும் இளம் மருத்துவர்கள், நோயைத் தேடுவதற்கு முன் இயல்பான இதயத்தைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். மார்பெலும்பின் இடப்புறம் கருவியை வைத்தால் திரையின் மேற்பகுதியில் முதலில் தெரிவது வலது கீழறையே. இதயம் சற்றுத் திரும்பி அமைந்திருப்பதை மறக்கும் மாணவர் அதனை இடது கீழறை என்று கருதிவிடுகிறார் (நானும் அவ்வாறு தடுமாறியவன்தான்). நான்கு அறைகளும் தெரியும் காட்சியில், வலப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மூவிதழ் வால்வு, இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள ஈரிதழ் வால்வைவிட இயல்பாகவே சில மில்லிமீட்டர் இதய நுனியை நெருங்கியிருக்கும். வலது கீழறையின் குறுக்கே செல்லும் தசைப்பட்டையை இரத்தக்கட்டி என்றும், இதயத்தின் முன்புறக் கொழுப்பை இதயத்தைச் சுற்றித் தேங்கிய நீர் என்றும் எண்ணிப் பதறுவோர் உண்டு. ஆரோக்கியமானவர்களின் இதயங்களைப் பார்த்துப் பழகவும் பயிற்சியில் போதிய நேரம் ஒதுக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவர்